பக்கத்துப் பார்ட்டிஷன் திறக்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு கையேடு

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. வேண்டிய கோப்பு விண்டோஸ் பக்கம் கிடக்கிறது, நீங்களோ லினக்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த டிரைவைக் கிளிக் செய்தால் பிழைப்பெட்டி வந்து நிற்கிறது. உடனே "ஃபோர்ஸ்" என்று ஏதாவது ஆப்ஷன் உண்டா என்று தேடத் தோன்றும். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் தனிப் பகுதியை, சிஸ்டத்தோடு இணைத்துத் திறப்பதற்கு மவுண்ட் என்று பெயர். அதைச் செய்ய மறுப்பதற்குப் பெரும்பாலும் நல்ல காரணம் இருக்கும். முதலில் அது என்னவென்று கேட்போம், பிறகு கை வைப்போம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் தமிழில் குழம்பும் என்பதால், கூடியவரை முழுச்சொல் வடிவத்தையே எடுத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

எல்எஸ்பிஎல்கே --எஃப்எஸ்

இந்த ஒரு கட்டளை எல்லா டிஸ்க்கையும், அவற்றில் உள்ள பார்ட்டிஷன்களையும், ஒவ்வொன்றின் கோப்பு முறைமையையும் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) காட்டிவிடும். அளவும் வேண்டுமென்றால் வெறும் எல்எஸ்பிஎல்கே போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விண்டோஸ் இருக்கும் கணினியில் வழக்கமாக முதலில் 100 எம்பி சுற்றளவில் விஃபேட் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், அது கணினி எழும்போது படிக்கும் இஎஃப்ஐ. அடுத்து 16 எம்பியில் கோப்பு முறைமை எதுவும் இல்லாத ஒன்று. அது மைக்ரோசாஃப்ட் தனக்காக ஒதுக்கி வைத்த இடம், அதை எந்தக் காலத்திலும் மவுண்ட் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அதற்கடுத்து வரும் பெரிய என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பார்ட்டிஷன்தான் நீங்கள் "சி டிரைவ்" என்று அறிந்தது. கடைசியில் சில நூறு எம்பியில் இன்னொரு என்டிஎஃப்எஸ் இருந்தால் அது ரெக்கவரி. "சி", "டி" என்ற எழுத்தெல்லாம் விண்டோஸுக்குள் மட்டும்தான். இங்கே அளவையும் லேபிளையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் 1கே அளவு என்று ஒரு வரி தெரிந்தால் அது எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷன், வெறும் கூடு. உள்ளிருப்பவை 5ஆம் எண்ணிலிருந்து தொடங்கும். "மவுண்ட் ஆகவில்லை" என்று வரும் கேள்விகளில் சில இந்த எண் தவறிலேயே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவதாக, வேறொரு டெர்மினலில் இதை ஓடவிடுங்கள்:

சூடோ டிமெஸ்ஜி --ஃபாலோ

மவுண்ட் கட்டளை சொல்லும் பிழை பெரும்பாலும் பொத்தாம்பொதுவானது. "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று ஐந்தாறு காரணங்களை ஒரே மூச்சில் அடுக்கும். அவற்றில் எது உண்மையான காரணம் என்பதைக் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அதே நொடியில் இந்த இன்னொரு ஜன்னலில் ஒரு வரியாக எழுதிவிடுகிறது. அந்த வரியைப் படிக்காமல் செய்யும் எந்த முயற்சியும் இருட்டில் துழாவுவதுதான்.

மூன்றாவதாக, முதல் முயற்சி எப்போதும் படிக்க மட்டுமான மவுண்டாக இருக்கட்டும்:

சூடோ மவுண்ட் --ஆப்ஷன்ஸ் ஆர்ஓ /டெவ்/எஸ்டிஏ3 /எம்என்டி

ஒரு கோப்பை எடுத்தால் போதும் என்றால் வேலை இங்கேயே முடிந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: எதிர்ப்பக்கம் இருப்பது இன்னொரு லினக்ஸ் என்றால், "ஆர்ஓ" என்று சொன்னாலும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறைமைகள் இரண்டும் முடிக்காமல் விட்ட ஜர்னலை (செய்ய வேண்டிய மாற்றங்களின் குறிப்பேடு) டிஸ்க்கில் எழுதித்தான் முடிக்கும். ஒரு பைட்கூட மாறக் கூடாது என்றால் இஎக்ஸ்டி4-க்கு "நோலோட்", எக்ஸ்எஃப்எஸ்-க்கு "நோரெக்கவரி" ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும்.

"விண்டோஸ் இஸ் ஹைபர்னேட்டட், ரெஃப்யூஸ்ட் டு மவுண்ட்"

அடிக்கடி வருவது இதுதான். சில கணினிகளில் இந்த வரி கண்ணில் படாது. டிரைவ் திறக்கும், கோப்புகள் தெரியும், ஆனால் பேஸ்ட் மட்டும் மங்கிக் கிடக்கும். என்டிஎஃப்எஸ்-ஐத் திறக்கும் டிரைவரான என்டிஎஃப்எஸ்-3ஜி நிலைமையைப் பார்த்துவிட்டுத் தானாகவே படிக்க மட்டும் என்று இறங்கிவிட்டது என்று பொருள்.

"நான் ஹைபர்னேட் செய்யவே இல்லை, ஷட்டவுன்தானே செய்தேன்" என்பீர்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. உங்கள் செஷனை மூடிவிட்டு, விண்டோஸ் கர்னலின் நினைவகத்தை அப்படியே ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. அடுத்த முறை அதிலிருந்தே எழுகிறது. டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் அந்த நினைவகத்தோடு சேர்ந்து உறைந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை ஒருவர் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேரேட்டைத் திருத்திவிட்டீர்கள். அவர் விழித்ததும் பேரேட்டைப் பார்ப்பதில்லை, மனதில் இருந்ததையே மேலே எழுதுகிறார். லினக்ஸிலிருந்து போட்ட கோப்பு மாயமாவதும், சில சமயம் பழைய கோப்புகள் சேர்ந்து சிதைவதும் இப்படித்தான்.

தீர்வு விண்டோஸில்தான் இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்தால் முழுமையாக அணையும். ரீஸ்டார்ட்டும் முழு அணைப்புதான், அதனால் ரீஸ்டார்ட் கொடுத்து பூட் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தால் போதும். நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில்:

பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆஃப்

இது ஹைபர்னேட் வசதியையே எடுத்துவிடும். ஹைபர்னேட் உங்களுக்குத் தேவை என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மட்டும் அணையுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் ஏதாவது வந்த பிறகு அந்த இடத்தை ஒருமுறை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

என்டிஎஃப்எஸ்-3ஜி-யில் "ரிமூவ்_ஹைபர்ஃபைல்" என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அது உறைந்திருக்கும் செஷனை அழித்துவிட்டுக் கதவைத் திறக்கும். தெரிந்த ஒருவரின் லேப்டாப்பில் அவசரத்தில் நான் அதைப் பயன்படுத்தினேன். கேட்ட கோப்புகளை எடுத்தும் கொடுத்தேன். ஆனால் அவர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் அல்ல, உண்மையிலேயே ஹைபர்னேட்டில் போட்டிருந்தார். சேமிக்காமல் திறந்தபடி விட்டிருந்த நீண்ட கட்டுரை ஒன்று அந்த ஒரு ஆப்ஷனோடு போனது. அன்றிலிருந்து "எதையாவது திறந்தபடி விட்டிருக்கிறீர்களா?" என்று கேட்காமல் அந்தச் சொல்லை நான் தட்டுவதில்லை. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்திருந்தால் அவருக்கு இரண்டுமே மிஞ்சியிருக்கும்.

"வால்யூம் இஸ் டர்ட்டி அண்ட் ஃபோர்ஸ் ஃபிளாக் இஸ் நாட் செட்"

இது என்டிஎஃப்எஸ்3 என்ற இன்னொரு டிரைவரின் குரல். மின்சாரம் போனது, யுஎஸ்பி டிஸ்க்கை அப்படியே பிடுங்கியது, விண்டோஸ் நடுவில் உறைந்தது போன்ற எதனாலோ அந்தக் கோப்பு முறைமை ஒழுங்காக மூடப்படவில்லை. விண்டோஸ் எழும்புமானால் அங்கே போய் செக்டிஸ்க் /எஃப் (தட்ட வேண்டியது சி, எச், கே, டி, எஸ், கே) ஓட்டுங்கள், பிறகு முழுமையாக அணையுங்கள்.

லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை செக்டிஸ்க்குக்கு இணை என்று நினைக்க வேண்டாம். சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தும், ஜர்னலைக் காலியாக்கும், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது சோதனை நடக்க ஏற்பாடு செய்யும், அவ்வளவுதான். "--கிளியர்-டர்ட்டி" கொடுத்தால் அழுக்கு என்ற முத்திரை அழியும், அழுக்கு அங்கேயேதான் இருக்கும். விண்டோஸ் கைவசம் இல்லாதபோது, படிக்க மட்டும் மவுண்ட் செய்து எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு மட்டும் இதற்கு வாருங்கள்.

ஒரு டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகையில்) திறக்கும் அதே பார்ட்டிஷன் இன்னொன்றில் திறக்காமல் போவதற்குக் காரணம், என்டிஎஃப்எஸ்-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் இருப்பதுதான். 2007இல் நிலையான பதிப்பு கண்ட என்டிஎஃப்எஸ்-3ஜி, ஃபியூஸ் வழியாகக் கர்னலுக்கு வெளியே ஓடுகிறது. பாராகான் நிறுவனம் எழுதிய என்டிஎஃப்எஸ்3, 2021இல் லினக்ஸ் 5.15-இல் கர்னலுக்குள் சேர்ந்தது. கர்னலில் நெடுநாளாக இருந்த பழைய டிரைவர் 2024இல் 6.9-இல் நீக்கப்பட்டது. எந்த டிரைவர் பேசுகிறது என்று தெரியாவிட்டால் "--டைப்ஸ் என்டிஎஃப்எஸ்3" அல்லது "--டைப்ஸ் என்டிஎஃப்எஸ்-3ஜி" என்று நீங்களே பெயர் சொல்லி மவுண்ட் செய்து பாருங்கள். பிழைச்செய்தி மாறினாலே பாதி விவரம் கிடைத்துவிடும். உறங்கும் விண்டோஸ் போன்ற விஷயங்களில் எனக்கு என்டிஎஃப்எஸ்-3ஜி-யின் செய்திகள்தான் தெளிவாகப் படுகின்றன.

"அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப்" என்று வந்து, பின்னால் ஒரு பெயர் இருந்தால்

மேற்கோளுக்குள் வரும் அந்தப் பெயரில்தான் விடை இருக்கிறது.

"பிட்லாக்கர்" என்றிருந்தால் பார்ட்டிஷன் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. "நான் அதை இயக்கவே இல்லையே" என்பது வழக்கமான பதில். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது. 2020இல் வந்த கிரிப்ட்செட்டப் 2.3.0 முதல் இதை லினக்ஸில் நேரடியாகத் திறக்கலாம்:

சூடோ கிரிப்ட்செட்டப் ஓப்பன் --டைப் பிட்எல்கே /டெவ்/எஸ்டிஏ3 வின்

கடவுச்சொல் கேட்கும் இடத்தில் விண்டோஸில் நுழையும் பின் எண்ணைக் கொடுத்தால் திறக்காது. 48 இலக்க ரெக்கவரி கீயை, இடையில் வரும் கோடுகளோடு கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திறந்த பிறகு /டெவ்/மேப்பர்/வின் என்பதை மவுண்ட் செய்யுங்கள், மூலப் பார்ட்டிஷனை அல்ல. கீ கிடைக்கவில்லை என்றால் சுற்றுவழி கிடையாது. மறைகுறியாக்கத்தின் நோக்கமே அதுதான்.

"எல்விஎம்2_மெம்பர்" என்றிருந்தால் அது கோப்பு முறைமை அல்ல, பல அறைகள் கொண்ட வீட்டின் வெளிச்சுவர். "சூடோ விஜிசேஞ்ச் --ஆக்டிவேட் ஒய்" கொடுத்துவிட்டு மறுபடி எல்எஸ்பிஎல்கே பாருங்கள், உள்ளே உள்ளவை தனித்தனியாகத் தெரியும். "கிரிப்டோ_லக்ஸ்" என்றிருந்தால் அது லினக்ஸின் மறைகுறியாக்கம், கிரிப்ட்செட்டப் ஓப்பன் கொடுங்கள். அதைத் திறந்ததும் உள்ளே எல்விஎம் இருப்பது சகஜம், அடுத்த படியையும் தாண்ட வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷன் சிரமமில்லாமல் மவுண்ட் ஆகி, உள்ளே @ என்றும் @ஹோம் என்றும் இரண்டு ஃபோல்டர் மட்டும் தெரிந்தால் எதுவும் தொலைந்துவிடவில்லை. அவை சப்வால்யூம்கள் (ஒரே பார்ட்டிஷனுக்குள் உள்ள தனிப் பிரிவுகள்), உங்கள் கோப்புகள் @ஹோமுக்குள் இருக்கின்றன. எக்ஸ்எஃப்எஸ் "டூப்ளிகேட் யுயுஐடி" (ஒரே அடையாள எண் இரண்டு இடத்தில்) என்று சொன்னால் அது குளோன் செய்த டிஸ்க். "நோயுயுஐடி" ஆப்ஷன் கொடுங்கள்.

"ஏபிஎஃப்எஸ்" என்றால் அது 2017க்குப் பிந்தைய மேக். லினக்ஸ் கர்னலில் இதற்கு டிரைவர் இல்லை. ஏபிஎஃப்எஸ்-ஃபியூஸ் என்ற தனிக் கருவியால் படிக்கலாம், எழுத முடியாது. அதற்கு முந்தைய எச்எஃப்எஸ்+ மவுண்ட் ஆகும், ஆனால் ஜர்னல் இயங்கிக்கொண்டிருந்தால் கர்னல் படிக்க மட்டுமே விடும். எழுத வேண்டுமானால் மேக்கில் அந்த டிஸ்க்கின் ஜர்னலை அணைத்துவிட்டு வர வேண்டும்.

பெயராக வருவது "விஃபேட்", "எக்ஸ்ஃபேட்" போன்ற சாதாரணமான ஒன்று என்றால்? நேற்றுவரை திறந்த பென்டிரைவ் இன்று திறக்கவில்லை என்றால்? சற்றுமுன் சிஸ்டம் அப்டேட் செய்தீர்களா என்று யோசியுங்கள். புதிய கர்னல் நிறுவப்படும்போது சில டிஸ்ட்ரோக்கள் பழைய கர்னலின் மாட்யூல்களை (டிரைவர் துண்டுகளை) நீக்கிவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல், அதற்குத் தேவையான மாட்யூல் டிஸ்க்கில் இல்லை. ரீஸ்டார்ட் ஒன்றே மருந்து. எக்ஸ்ஃபேட் டிரைவர் 2019இன் இறுதியில் 5.4-இல்தான் கர்னலுக்கு வந்தது. அதைவிடப் பழைய சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் நிறுவ வேண்டியிருக்கும்.

டிஸ்க்கே பட்டியலில் இல்லை

விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, லினக்ஸில் அந்த எஸ்எஸ்டி இருப்பதற்கான சுவடே இல்லை. கர்னல் செய்திகளில் "ரீமேப்ட் என்விஎம்இ" என்று தேடுங்கள். கிடைத்தால், பயாஸில் சேமிப்பக முறை ரெய்டு என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஏஎச்சிஐ-க்கு மாற்றச் சொல்லி அதே வரி வழியும் சொல்லும். ஆனால் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம். முதலில் பிட்லாக்கர் கீயைக் கையில் எடுத்து வையுங்கள். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு பயாஸை மாற்றுங்கள். ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பிறகு பழைய நிலைக்குத் திருப்புங்கள். வரிசை மாறக் கூடாது.

திறக்கிறது, ஆனால் எழுத விடவில்லை

"ஃபைண்ட்எம்என்டி /எம்என்டி" கொடுத்து ஆர்ஓ என்றா, ஆர்டபிள்யூ என்றா இருக்கிறது என்று பாருங்கள். ஆர்ஓ என்றால் மேலே சொன்ன காரணங்களில் ஒன்று. ஆர்டபிள்யூ என்றிருந்தும் "பெர்மிஷன் டினைட்" என்றால் உரிமை யாருடையது என்ற கேள்வி. ஃபேட் வகைகளில் யுனிக்ஸ் பாணி உரிமையாளர் என்ற கருத்தே கிடையாது, அதனால் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை அங்கே எடுபடாது. யார் உரிமையாளர் என்பதை மவுண்ட் செய்யும்போதே சொல்ல வேண்டும். "யுஐடி=1000,ஜிஐடி=1000,யுமாஸ்க்=022" என்று கொடுத்தால் எல்லாம் உங்கள் பெயரில் தெரியும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். உங்கள் எண் 1000தானா என்பதை "ஐடி" கட்டளை சொல்லும்.

எதிர்ப்பக்கம் இன்னொரு லினக்ஸ் என்றால் நிலைமை நேர்மாறு. அங்கே உரிமை எண்ணாக டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே நீங்கள் 1001, இங்கே 1000 என்றால் உங்கள் சொந்தக் கோப்பே உங்களை அந்நியராகப் பார்க்கும். அவசரத்தில் முழு ஹோமையும் சிஎச்ஓன் செய்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் எழும்போது அங்கே லாகின் ஆகாமல் போகும்.

உரிமை சரியாக இருந்தும் பெரிய வீடியோ நகல் பாதியில் "ஃபைல் டூ லார்ஜ்" என்று நின்றால் அது ஃபேட்32-இன் 4 ஜிபி வரம்பு. அதற்கு ஆப்ஷன் எதுவும் கிடையாது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன

இது நம்மைத் தனியாகப் பாதிப்பது. "கடிதம்" என்ற பெயர் ஃபேட் டிஸ்க்கில் "??????" என்று வந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை. பெயர் டிஸ்க்கில் யுனிகோடில்தான் இருக்கிறது. மவுண்ட் ஆனபோது கர்னல் அதை லத்தீன் எழுத்துத் தொகுப்புக்கு மாற்ற முயன்று தோற்றிருக்கிறது. அன்மவுண்ட் செய்து "யுடிஎஃப்8=1" ஆப்ஷனோடு மறுபடி மவுண்ட் செய்யுங்கள். "ஐஓகேரக்டர்செட்"டையே யுடிஎஃப்8 ஆக்கினாலும் பெயர்கள் தெரியும், ஆனால் அப்படிச் செய்தால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறாக நடத்தப்படும் என்று கர்னலே எச்சரிக்கும். அந்த ஆப்ஷனின் உண்மையான பெயர் ஐ, ஓ, சி, எச், ஏ, ஆர், எஸ், இ, டி என்ற ஒன்பது எழுத்துகள்.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று மேக்கிலிருந்து வரும். பெயர் சரியாகத் தெரியும், தட்டித் தேடினால் மட்டும் கிடைக்காது. யுனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். "க" என்ற எழுத்தோடு "ோ" என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. "ே", "ா" என்று இரண்டு குறிகளாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், லினக்ஸுக்கோ அவை வேறுவேறு பெயர்கள். எச்எஃப்எஸ்+ பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கிறது. அங்கே கட்டிய டார் கோப்பை இங்கே விரித்தால் ொ, ோ, ௌ வரும் பெயர்கள் எல்லாம் பிரிந்த வடிவில் வந்து இறங்கும். கான்வ்எம்வி என்ற கருவியில் "--என்எஃப்சி" கொடுத்தால் சேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். முதல் ஓட்டத்தில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், அவ்வளவுதான். பார்த்துத் திருப்தியான பிறகு "--நோடெஸ்ட்" சேர்த்து ஓட்டுங்கள்.

"இன்புட்/அவுட்புட் எரர்"

இங்கே டிமெஸ்ஜி பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். கர்னல் செய்தியில் டிஸ்க்கின் பெயரும் செக்டார் எண்ணும் வந்தால் வன்பொருள் தேய்கிறது. ரிப்பேர் கருவி எதையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு வாசிப்பும் அந்த டிஸ்க்கின் மிச்ச ஆயுளில் இருந்து போகிறது. டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியின் மேல் முயற்சி செய்யுங்கள்.

கர்னல் எதுவுமே சொல்லவில்லை, குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்டிரைவ் பெயரை மட்டும் வைத்துவிட்டு உள்ளடக்கத்தை இணையத்தில் விட்டிருக்கலாம், அல்லது விண்டோஸ் தன் சிஸ்டம் கோப்புகளைத் தனி முறையில் சுருக்கியிருக்கலாம். "அன்சப்போர்ட்டட் ரீபார்ஸ்" என்ற சொல் எல்எஸ் -எல் வெளியீட்டில் தெரிந்தால் அதுதான். ஒன்டிரைவ் கோப்பு என்றால் விண்டோஸுக்குள் போய் அதைக் கணினியில் வைத்திருக்கும்படி குறித்துவிட்டு வாருங்கள்.

பிஎஸ்டி பக்கத்திலிருந்து பார்த்தால்

பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போன்ற இன்னொரு யுனிக்ஸ் வழிச் சிஸ்டம் குடும்பம். ஃப்ரீபிஎஸ்டியில் பட்டியல் பார்க்க "ஜிபார்ட் ஷோ". என்டிஎஃப்எஸ் டிரைவர் 10ஆம் பதிப்பிலிருந்து கர்னலில் இல்லை. ஃபியூஸ்எஃப்எஸ் மாட்யூலை ஏற்றி என்டிஎஃப்எஸ்-3ஜி-யைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸ் பார்ட்டிஷனை இஎக்ஸ்டி2எஃப்எஸ் வகையாக மவுண்ட் செய்யலாம். ஓப்பன்பிஎஸ்டியில் பிற சிஸ்டங்களின் பார்ட்டிஷன்களுக்கு "ஐ" முதலான எழுத்துகள் தரப்படும், டிஸ்க்லேபிள் வெளியீட்டில் அங்கிருந்து தேடுங்கள். இசட்எஃப்எஸ் பூல் (ஒன்று அல்லது பல டிஸ்க்குகளாலான சேமிப்புத் தொகுப்பு) "முன்பு வேறொரு சிஸ்டத்தில் பயன்பாட்டில் இருந்தது" என்று மறுத்தால், அந்த வேறொரு சிஸ்டம் இப்போது அதைப் பிடித்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு மட்டும் ஃபோர்ஸ் கொடுத்து இம்போர்ட் செய்யுங்கள். ஒரே பூலை இரண்டு சிஸ்டம் ஒரே நேரத்தில் எழுதினால் மீட்பது மிகக் கடினம்.

கையால் மவுண்ட் ஆகிறது, பூட் ஆகும்போது சிஸ்டம் நின்றுவிடுகிறது

பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்த்த வரிதான் காரணம். பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் இறக்கிவிடும். பிற சிஸ்டத்தின் பார்ட்டிஷன் என்றால் "நோஃபெயில்" இல்லாமல் அங்கே வரி எழுதாதீர்கள். எஸ்டிஏ3 போன்ற பெயர் டிஸ்க்கைச் செருகும் வரிசையில் மாறிவிடும், அதனால் யுயுஐடி கொடுங்கள். வரியின் கடைசி இரண்டு எண்களும் 0 ஆக இருக்கட்டும். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்து சோதிக்க வேண்டாம், "சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" கொடுத்தால் வரியில் உள்ள பிழையை இப்போதே சொல்லிவிடும். ஏற்கெனவே எமர்ஜென்சி மோடில் மாட்டிக்கொண்டிருந்தால் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், அந்த வரியின் தொடக்கத்தில் # ஒன்றைப் போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள். சிஸ்டம் வழக்கம்போல எழும்.